என் தளத்தில் நின்ற தண்ணீர்

கல்பாக்கத்தில் மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த எழுபதுகளில் நடந்தது இது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறி, மாமல்லபுரம் போகிற வழியில் பாதியில் இறங்கி, சவுக்குத் தோப்புக்கு நடுவே நடந்தால் எங்கள் ஊர் வரும். அங்கே எங்கள் வீடும் என் கொழுந்தன் வீடும் ஒட்டியே இருந்தன. நடுச்சுவர் ஒன்று, பின்னால் கிணறு ஒன்று, இரண்டு வீட்டுக்கும் மேலே ஒரே ஓலைக்கூரை.

கொழுந்தனுக்குக் கல்பாக்கத்தில் சம்பள வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே தங்கள் பாதிக் கூரையைப் பிரித்துப்போட்டுவிட்டு காங்கிரீட் தளம் போட்டார்கள். எங்கள் ஊரில் அதுதான் முதல் மெத்தை வீடு. தளம் இறுகுகிற வரைக்கும் அடியில் முட்டுக் கொடுத்து நின்ற கழி அத்தனையும் எங்கள் தோப்புச் சவுக்கு. தம்பி கேட்டான் என்று என் வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்தார். எங்கள் கழியின் தோளில் ஏறித்தான் அந்த வீடு உசந்தது என்று எனக்கு வயிறு எரிந்தது.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, என்னைவிடச் சின்னவள். எங்கள் குடும்பத்துக்கு அவளைப் பார்த்துப் பெண் எடுத்ததே நான்தான். அவள் இப்போது படியேறிப் போய் மிளகாய் காய வைத்தாள். தலைக்குக் குளித்துவிட்டுக் கடல் காற்றில் முடியை உலர்த்தினாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு எங்கள் முற்றத்தைப் பார்த்துக் கேட்பாள்:

"யக்கா, இன்னா கொழம்பு? மேல வரைக்கும் வாசன தூக்குது!"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அந்த 'மேல' மட்டும்தான் காதில் விழும். அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்லிச் சொல்லி என் கழுத்தும் வலித்தது, மனசும் வலித்தது.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் உறைக்காது. "கூரதாண்டி குளுமை, அவனுங்க உள்ள வெந்துகினு கெடக்கறானுங்க" என்பார். நான் விடவில்லை. மழைக்கு ஒழுகினால், ஒழுகுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவர் பாயைப் போட்டு, தலைமாட்டில் பாத்திரத்தை வைப்பேன். கடைசியில் தோப்பில் ஒரு வெட்டுக்கான சவுக்கு முழுவதையும் விற்றார். சிமெண்ட்டுக்கு அப்போது பர்மிட் வாங்க வேண்டும். அதற்கும் நடையாய் நடந்து வாங்கினார்.

மேஸ்திரியை மட்டும் நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவள் வீட்டுக்குத் தளம் போட்டவர் வேண்டவே வேண்டாம். திருக்கழுக்குன்றத்தில் தளம் போட்ட வீடுகளாகப் பார்த்துப் போனேன். வீட்டு ஆண்களிடம் கேட்டால் பெருமைதான் பேசுவார்கள். அதனால் அடுப்படிக்குப் போய்ப் பெண்களிடம் கேட்டேன், "மழைக்கு எங்கனா கசியுதா?" என்று. இரண்டு வீட்டில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது வீட்டுக்காரி, "நீயே பாரு" என்று என்னை உள்ளே கூப்பிட்டுத் தளத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். ஒரு கறை இல்லை. அந்த மேஸ்திரியைத்தான் பேசி முடித்தேன்.

அவர் வந்து அளவு எடுத்தபோது நான் சொன்னேன், "பக்கத்து வூட்டுத் தளத்த விட ஒரு சாண் ஒசரம் வேணும்."

"இன்னாத்துக்கும்மா?"

"காத்து வரும்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "காத்துக்கா? யம்மா, நீ வூடு கட்றியா, போட்டி கட்றியா? சரி, மூணு வரிச கல்லு ஏத்திடறேன்."

தளம் போடுகிற அன்று தெருவே எங்கள் வாசலில் இருந்தது. கலவையைக் கையாலேயே கிளறி, இரும்புப் பாண்டுச் சட்டியில் அள்ளிக் கை மாற்றி மேலே அனுப்பினார்கள். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. ஓரகத்தி புடவையைச் செருகிக்கொண்டு வரிசையில் நிற்க வந்தாள். "ஆளு கீது, நீ போ" என்று சொல்லிவிட்டேன். அவள் செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் திருஷ்டி பொம்மை கட்டினேன். பொதுவாகத் தெருவைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். நான் அதன் மூஞ்சியை அவள் வாசலுக்கு நேரே திருப்பி வைத்தேன்.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யக்கா, ஒன் பொம்ம என்னையே மொறச்சிகினு கீது. கண்ணு வலிக்கப் போவுது அதுக்கு!"

மறுநாள் மேஸ்திரி தளத்தின்மேல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிரப்பினார். அக்கினி நட்சத்திர வெயில். "நான் வந்து முட்டு பிரிக்கற வரைக்கும் இந்தத் தண்ணி வத்தக் கூடாது. காஞ்சா வெடிக்கும். வெடிச்சா ஆயுசுக்கும் ஒழுகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அந்தண்டை போக, இந்தண்டை என் தம்பி ஓடி வந்தான். அம்மா மயங்கி விழுந்து செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். "என் தம்பி பொண்டாட்டி கிட்ட தண்ணி ஊத்தச் சொல்லிட்டு வரட்டா?" என்று அவர் கேட்டார். "வாணாம்" என்றேன். மேஸ்திரியிடம் வேலை செய்த சித்தாள் ஒருத்தியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருப்பேன், கண் வெளியே வெயிலைத்தான் பார்க்கும். அம்மாவைப் பற்றியும் கவலைதான். ஆனால் தளம் வெடித்து, மழைக்கு நான் பாத்திரம் வைக்க, அவள் மேலே நின்று, "யக்கா, ஒழுகுதா?" என்று கேட்கிற மாதிரியே நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் தாங்கமாட்டேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே அந்தச் சித்தாள் எதிரே வந்தாள்.

"யம்மா, கோச்சிக்காத. நீ போன மறுநாளே ஜொரம் வந்து படுத்துட்டேன். ஒரு நாள்தான் ஊத்தினேன்."

சவுக்குத் தோப்பு நிழல்கூடச் சுட்டது. இத்தனை நாள் வெயிலில் பாத்தி மண்ணே பிளந்து போயிருக்கும். வீட்டுக்குள் நுழையாமல் நேரே ஏணியை வைத்து ஏறினேன்.

தளம் முழுக்கத் தண்ணீர். பாத்திக்குப் பாத்தி வானம் தெரிந்தது. இரண்டு மைனா குளித்துக்கொண்டிருந்தன. களிமண் வரப்பில் உடைந்த இடத்தைப் புதுமண் வைத்து யாரோ பூசியிருந்தார்கள்.

அப்போது பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு குடத்தின் வாய் தெரிந்தது. பிறகு இரண்டு கை. பிறகு அவள் முகம். கிணற்றில் இறைத்து, தன் படியில் ஏறி, சுவருக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் ஊற்றுகிறாள். நான் ஏற்றச் சொன்ன அந்த ஒரு சாணுக்கும் சேர்த்து ஒவ்வொரு குடத்தையும் தூக்கியிருக்கிறாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளம்.

என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. "நீ எதுக்கு ஊத்தின? நான் கேட்டனா?" என்றேன்.

"நீ எங்க கேப்ப!" என்று குடத்தைக் கவிழ்த்தாள். "ஒன் தளம் வெடிச்சா நடுச் சொவுத்துல தண்ணி எறங்கும். என் வூடு நாறிப் போவும். என் வூட்டுக்குத்தான் ஊத்தினேன், போ. ஆத்தாவுக்கு எப்பிடி கீது?"

அவள் வீட்டுக்காக ஊற்றினாள் என்றால் சுவர் ஓரம் மட்டும் நனைத்திருந்தால் போதும். சுவரைத் தாண்டி வந்து ஊற்றினால்தான் நிரம்புகிற கோடிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் நின்றது. எனக்கு நன்றி சொல்கிற சங்கடம் வேண்டாம் என்று ஒரு பொய்யையும் அவளே சொல்லிவிட்டாள்.

நான் உருகிப் போய்விட்டேன் என்று எழுதமாட்டேன். அன்றைக்கு எனக்கு வந்ததும் பொறாமைதான், அதுவரை பட்டதை எல்லாம் விடப் பெரிய பொறாமை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஒரு செம்பு ஊற்றியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குத் தெரிந்ததால் கீழே இறங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் கொப்பளத்துக்குத் தடவிவிட்டேன்.

என் தளம் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் வீடு உசந்தபோது வந்த பொறாமையை ஒரு மேஸ்திரியை வைத்துத் தீர்த்துக்கொண்டேன். அவள் மனசைப் பார்த்து வந்த பொறாமை மட்டும் இந்த வயசிலும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அந்த உயரத்தை வேறு யாரையும் வைத்துக் கட்ட முடியாது.