அண்ணன் கரைத்த கொழுப்பு

வேட்டிக்குக் கீழே புத்தம்புது ஸ்போர்ட்ஸ் ஷூ. திருநீர்மலைக் கோயில் அடிவாரத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு என் அண்ணன் படியேறிய முதல் நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டரில் போகிற மனிதர். கெட்டுப்போன என் ஈரலுக்குப் பதிலாகத் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தர முன்வந்தவரும் அவர்தான். "எல்லாம் பொருந்துது சார். ஆனா உங்க லிவர்லயும் கொழுப்பு சேர்ந்திருக்கு. அதைக் குறைச்சாதான் எடுக்க முடியும்" என்றார் டாக்டர். எனக்கு அதிக அவகாசம் இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நடையும் வேண்டும், எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணன் பாதியை மட்டும் காதில் வாங்கினார். எடை தூக்கினால் உடம்பு ஊதும், கரையாது என்பது அவர் கட்சி. மலையேறினால் பயிற்சிக்குப் பயிற்சி, வேண்டுதலுக்கு வேண்டுதல். தினமும் ஏறினார். அடுத்த ஸ்கேனில் கொழுப்பு அசையவேயில்லை. அன்று எங்கள் முடிச்சூர் வீட்டு ஹாலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சாகப் பயமாக இருந்தது.

கண்டுபிடித்தது அண்ணி. மலையிலிருந்து வந்தவரின் விரல்களில் நெய் மணந்தது. தினமும் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல்!

"பிரசாதத்தை எப்படி வேணாம்னு சொல்றது? தங்கச்சிக்காக வேண்டிக்கிட்டு, பெருமாளையே பகைச்சுக்கவா?" என்றார் அண்ணன்.

"பெருமாள் கோவிச்சுக்கிட்டா நான் சமாதானம் பண்ணிக்கிறேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களை யாரு சமாதானம் பண்றது?" என்று கேட்டார் அண்ணி.

மறுநாளே அண்ணன் தாம்பரத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். கல்லூரிப் பையன்கள் "அங்கிள், முதுகை நேரா வைங்க" என்று திருத்த, முகம் சிவக்கத் டம்பெல்ஸ் தூக்கினார். மலையையும் விடவில்லை. பிரசாதத்தில் ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவாராம். நாக்குக்கு வஞ்சனை செய்யாதவர், சுண்டலையும் வெள்ளரிக்காயையும் மென்றுகொண்டிருப்பார். மெல்ல மெல்ல வயிறு வற்றியது, சட்டைகள் தொளதொளத்தன. டாக்டர் சரி என்றார். நான் பிழைத்தேன்.

பல வருஷம் கழித்து, போன மார்கழியில், ஒரு காய்ச்சலில் அண்ணன் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். "மொத்தமா போயிட்டாரேம்மா" என்றார். நான் அண்ணியின் கையைப் பிடித்து என் வலப்பக்க விலாவுக்குக் கீழே வைத்தேன். வெகுநேரம் அண்ணி அந்தக் கையை எடுக்கவில்லை.