உப்புக்கோட்டையின் கடைசிப் பாகம்

வில்லியனூரில் நூல்கண்டும் பொத்தானும் விற்ற சிராஜுதீன் பாய்தான் ‘உப்புக்கோட்டை’யை எழுதியவர் என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். எழுதியது அவர் மனைவி மெஹர் நிஷா. அந்த மனிதர் சொந்தமாக எழுதியது கடைசிப் பாகம் ஒன்றைத்தான். அதன் லட்சணம் போகப் போகத் தெரியும்.

அறுபத்தேழில் அவள் எழுத ஆரம்பித்தபோது எட்டாவது படித்த புதுப்பெண். கதையில் உப்பாலேயே கட்டிய ஒரு கோட்டை. அதற்கு ஒரே எதிரி மழையரசன். ஒரு சொட்டு விழுந்தாலும் சுவர் கரையும். மழையைத் தடுத்து நிறுத்துவது செவ்வந்தி என்ற காவல்காரியின் வேலை. கோட்டைக்குள் இருக்கிற யாரும் பிறந்ததிலிருந்து மழையில் நனைந்ததே கிடையாது. பாகத்துக்கு ஒரு மழை, பாகத்துக்கு ஒரு தந்திரம். சின்னச் சின்னப் புத்தகங்களாகப் பாண்டியில் அச்சாகி பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கொடியில் தொங்கின. பக்கத்து வீட்டு அமுதம் கரும்புக் கொல்லைக்குப் போகும்போதுகூட இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டு போவாள்.

புருஷன் பேரைப் போடச் சொன்னது மெஹர் நிஷாவேதான். அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

“எம் பேரைப் போட்டா, பொம்பள எதுக்குச் சண்ட, காதல்னு எழுதறான்னு ஊர்ல நாலு பேரு கேப்பாங்க. உங்க பேருன்னா ஒருத்தரும் வாயத் தொறக்கமாட்டாங்க” என்றாள்.

அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. புருஷன் பேருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் செவ்வந்தியை நினைத்த இடத்துக்கெல்லாம் அனுப்பினாள். குதிரை ஏற வைத்தாள், மந்திரியைக் கன்னத்தில் அறைய வைத்தாள். ஊரில் ஒரு ஈ காக்கா கேள்வி கேட்கவில்லை. பெண்பிள்ளைக் கையெழுத்து அச்சுக்கூடத்துக்குப் போகக்கூடாது என்று சிராஜுதீன் எல்லாவற்றையும் தன் கையால் பிரதி எடுத்துக் கொடுப்பார். அவள் எழுதிய காகிதங்கள் கடைக்குப் போய்ப் பொத்தான் பொட்டலமாகிவிடும். இருபது வருஷம் இப்படியே ஓடியது. எழுதி எழுதி அவள் தேய்ந்தாள். பிரதி எடுத்து எடுத்து அவர் தேறினார்.

எண்பத்தாறில் மெட்ராஸிலிருந்து சிங்காரவேலு என்ற டிவி தயாரிப்பாளர் காரில் வந்து இறங்கினார். வாசல் அறையில் நாற்காலி போட்டு சிராஜுதீன் உட்கார வைத்தார். மெஹர் நிஷா அவரிடமே டீயைக் கொடுத்தனுப்பிவிட்டு உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

“பாய், நீங்க எழுதியிருக்கிறது இருபத்தாறு பாகம். எனக்குக் கொடுத்திருக்கிறது பதிமூணே வாரம். கொஞ்சம் வெட்டணும்” என்றார் சிங்காரவேலு.

“தாராளமா வெட்டுங்க சார்.”

“அந்தக் குருட்டு ஓடக்காரியை எடுத்துடலாமா? நாலு சீன்ல செத்துப்போறா. அதுக்கு ஒரு நடிகை, ஒரு ஓடம், ஒரு ஆறு.”

“எடுத்துடுங்க.”

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. அந்த வீட்டில் வளையல் குலுங்கினால் உள்ளே வா என்று அர்த்தம். சிராஜுதீன் எழுந்து போனார்.

“இன்னாங்க நீங்க! செவ்வந்தி சொன்ன பேச்சக் கேட்டுதானே அந்தக் கெழவி செத்தா? அவளத் தூக்கிட்டா செவ்வந்தி எதுக்கு அழுவுறா? மீதிக் கத பூரா காரணமில்லாம அழுவுறதா?” என்று மெஹர் நிஷா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

அவர் வெளியே வந்து அதையே வார்த்தை மாறாமல் சொன்னார். சிங்காரவேலு தொடையில் தட்டினார்.

“எழுத்தாளர்னா எழுத்தாளர்தான் பாய்! ஒரு நிமிஷம் உள்ள போய் யோசிச்சிட்டு வந்து எப்படிப் போடுறீங்க!”

வினை அங்கேதான் பிடித்தது. வாழ்நாளில் யாரும் தொடையில் தட்டிப் பாராட்டாத மனிதர். அளவு தவறாமல் நூல்கண்டு கொடுத்ததற்கு யார் கை தட்டுவார்கள்? அந்தப் பாராட்டு அவருக்கு வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்ட மாதிரி இருந்தது. ஓடக்காரி பிழைத்தாள். ஆனால் சிங்காரவேலு அடுத்தடுத்து வந்தபோது வளையல் சத்தம் சிராஜுதீன் காதில் விழாமல் போக ஆரம்பித்தது.

இரட்டை மந்திரிகள் ஒற்றை மந்திரி ஆனார்கள். நீலக்குதிரை வாடகைக் குதிரை ஆனது. பாதி ஊரில் கறுப்பு வெள்ளை டிவிதான், எந்த நிறமாயிருந்தால் என்ன என்றார்கள். கோட்டை தெர்மாகோலில் எழுந்தது. மழைக்குத் தீயணைப்பு வண்டியும் தண்ணீரும் வேண்டும், கட்டுப்படியாகாது என்று மழையைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் மழையரசன் கறுப்பு அங்கி போட்ட, உறுமுகிற ஒரு ஆளாகிவிட்டான். செல்லிப்பட்டு ஆற்றங்கரையில் படமெடுத்த அன்று நிஜ மழையே கொட்டியது. எல்லோரும் கேமராவைப் போர்த்திக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். மழை வந்ததால் மழைக் காட்சி நிறுத்தப்பட்டது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

மெஹர் நிஷா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். வெட்டட்டும், ஒட்டட்டும், புத்தகம் புத்தகமாகத்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டாள். அவளுக்கு முடிவு ஒன்றுதான் முக்கியம். கடைசிப் பாகத்தை அவள் இன்னும் எழுதவில்லை. ஆனால் முதல் பாகம் எழுதும்போதே அது அவள் மனசில் இருந்தது. செவ்வந்தி மழையைத் தடுக்கப் போவதில்லை. கோட்டைக் கதவை அவளே திறந்துவிடுவாள். உப்புச் சுவரெல்லாம் கரைந்து ஓடும். ஜனங்கள் பயந்து நடுங்கி, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, முதல் தடவையாக நனைவார்கள். இந்த ஒரு காட்சிக்காகத்தான் அவள் இத்தனை பாகம் எழுதியதே.

முடிவைச் சொல்லுங்கள் என்று சிங்காரவேலு கடைசியாக வந்தபோது, அவள் சொல்லிக்கொடுத்தபடி சிராஜுதீன் சொன்னார். சிங்காரவேலு முகத்தைச் சுளித்தார்.

“கோட்டை கரையுறத எப்படி பாய் காட்டுறது? அதுவுமில்லாம, பதிமூணு வாரம் காப்பாத்தின கோட்டைய அவளே கரைச்சா ஜனங்க என்னைக் கல்லால அடிப்பாங்க. மங்களகரமா ஒண்ணு வேணும்.”

“செவ்வந்தி மழையரசனைக் கட்டிக்கட்டும் சார். இனிமே கோட்டை மேல பெய்யமாட்டேன்னு அவன் சத்தியம் பண்ணட்டும். அவ உள்ளயே சொகமா இருக்கட்டும். புத்தகத்தையும் அப்படியே முடிச்சி நானே எழுதிடறேன்” என்றார் சிராஜுதீன்.

வளையல் குலுங்கியது. அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை, கை நோகிற மாதிரி குலுங்கியது. அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெஹர் நிஷா வாசல் அறையில் வந்து நின்றாள். வேற்று ஆண் இருக்கும்போது அந்த அறையில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“சார், அந்தக் கத நான் எழுதனது. ஆரம்பத்துலேருந்து நான்தான். முடிவ மாத்தாதீங்க” என்றாள்.

சிங்காரவேலு குழப்பத்தோடு சிராஜுதீனைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ‘ஆமாம்’ என்ற ஒரே வார்த்தை போதும். இருபது வருஷம் அவள் காகிதத்தில் சோறு தின்ற மனிதர் அதைச் சொல்லியிருக்கலாம்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் எழுத எழுத மொதல்ல படிக்கிறது இவங்கதான். படிச்சிப் படிச்சி தன்னோடதுன்னே நெனச்சிக்கிட்டாங்க, பாவம்” என்று சிராஜுதீன் சிரித்தார்.

“எங்க வூட்லயும் அப்படிதான் பாய். நான் எடுக்கிற படம் பூரா தான் சொன்ன கததான்னு சொல்லுவா” என்று சிங்காரவேலுவும் சிரித்தார்.

மெஹர் நிஷா நின்றாள். காட்டுவதற்கு அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அச்சுக்கூடத்தில் கேட்டாலும் அவர் கையெழுத்துதான் இருக்கும். பாழாய்ப்போன அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. காலி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசி வாரம் கொம்யூன் பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. தெர்மாகோல் கோட்டைக்குள் செவ்வந்திக்குத் தாலி ஏறியது. ஜனங்கள் விசில் அடித்தார்கள். அடுத்த மாதமே சிராஜுதீன் எழுதிய கடைசிப் பாகம் அச்சாகி, அட்டையில் டிவி நடிகையின் கல்யாணக் கோலத்தோடு பஸ் ஸ்டாண்டில் தொங்கியது. முந்தைய பாகம் எதுவும் இவ்வளவு வேகமாக விற்றதில்லை. வாக்கியம் வாக்கியமாக அவளுடைய நடை அதில் இருந்தது. அவள்தான் இல்லை.

“பாயம்மா, இந்தப் பாகம்தான் இருக்கிறதிலேயே டாப்பு! பாயி இப்பதான் எழுதக் கத்துக்கிட்டாரு!” என்று அமுதம் வாசலில் நின்று கத்தினாள். நல்ல மனசோடு சொன்னதுதான். மெஹர் நிஷா அன்று சோறு தின்னவில்லை.

அவள் உட்கார்ந்து தன்னுடைய கடைசிப் பாகத்தை எழுதி முடித்தாள். பிரதி எடுக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை. தன் கையெழுத்திலேயே, முதல் பக்கத்தில் தன் பேரைப் பெரிதாக எழுதி, பாண்டி பஸ் ஏறி அச்சுக்கூடத்துக்குத் தனியாகப் போனாள். முதலாளி சாமிக்கண்ணு மரியாதையானவர். எழுந்து நின்று ஸ்டூல் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாதியில் நிறுத்தாமல், கோட்டை கரைந்து ஜனங்கள் நனைகிற இடம் வரைக்கும் முழுசாகப் படித்தார். படித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து மெஹர் நிஷா ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா கத முடிஞ்சிபோச்சே. டிவிலயும் வந்துடுச்சி, புத்தகமும் வந்துடுச்சி. இதப் போட்டா ஜனங்க என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லுவாங்க” என்றார்.

“அது என் கத சார். எல்லா பாகமும் நான் எழுதினது. படிச்சிப் பாத்தாலே தெரியலையா?”

சாமிக்கண்ணு காகிதங்களை ஒழுங்காக அடுக்கி அவள் கையில் கொடுத்தார். அவர் குரலில் கிண்டல் கொஞ்சம்கூட இல்லை.

“தெரியுதும்மா. இருபது வருஷமா பாயோட எழுத்த அச்சு கோக்கிறவன், எனக்குத் தெரியாதா? அவரு நடையை அப்படியே புடிச்சிருக்கீங்க.”

மெஹர் நிஷா காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.