மூன்றாவது விசிலுக்குப் பிறகு கார்ன்வாலிஸ்

வேலூர்ப் புரட்சியைச் சிவசைலம் மொட்டைமாடித் தகரத்தின்மேல் சாரல் விழும் சத்தத்தில் வைத்திருந்தார். ரயத்துவாரி முறை பெரிய கோயில் கோபுர வாசலில், ஆளைத் தள்ளும் காற்றுக்குள் இருந்தது. நிரந்தர நிலவரித் திட்டம் அடுக்களையில். அதிலும் கார்ன்வாலிஸ் வருவது குக்கரின் மூன்றாவது விசிலுக்குப் பிறகுதான்.

இப்படி ஓர் ஒழுங்கு தன்னிடம் இருப்பது அவருக்கே வெகுநாள் தெரியாது.

தென்காசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் ஆபீஸில் போன் எடுப்பது அவர் வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கல்லூரிக்குள் நுழையும்போது முழுதும் போயிருந்தது. வரலாற்றில் எம்.ஏ., அப்புறம் பி.எட். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வை ஒருமுறை எழுதி, சொற்ப மதிப்பெண்ணில் விட்டார். அடுத்த தேர்வு அறிவிப்பு வர வருஷங்கள் ஆயின. அதற்குள் பார்சல் ஆபீஸ் முதலாளி, புக்கிங் எல்லாம் இனி செல்போன் ஆப்பிலேயே நடக்கப்போவதாகவும், தீபாவளிக்குப் பிறகு போன் எடுக்க ஆள் தேவைப்படாது என்றும் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். தேர்வு ஐப்பசியில். வேலை போவதும் ஐப்பசியில்.

முதல் தேர்வுக்கு அவர் பிரெய்லில்தான் குறிப்பு எடுத்தார். தடித்த தாளில் ஊசியால் குத்திக் குத்தி எழுதியதில் ஒரு பாடமே ஒரு கட்டு வந்தது. கட்டுகளைச் சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றினார். தென்காசியில் ஆனி, ஆடி முழுக்கக் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். தாள் ஊறிய அப்பளம்போல இளகி, புள்ளிகள் அமுங்கிப் போயின. விரலை வைத்தால் சோழர்கள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

அதனால் இரண்டாம் தடவை மனைவி சண்முகப்பிரியா வாசித்தாள். அவள் வீட்டில் ரவிக்கை தைப்பவள். நேரம் கிடைத்த இடத்தில், போனில் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டுப் புத்தகத்தை விரிப்பாள். நடுவில் "ஒரு நிமிசம், பால் பொங்குது" என்பாள். யாராவது கதவைத் தட்டினால் பதில் சொல்லிவிட்டு வந்து விட்ட வரியைத் தேடுவாள். இரண்டு வருஷத்தில் பாடத்திட்டம் மொத்தமும் போனுக்குள் ஏறியது. பெயர் எதுவும் கிடையாது, எல்லாம் வெறும் ரெக்கார்டிங், அதற்கொரு எண். சிவசைலம் ஒவ்வொன்றையும் ஒரு மூச்சு நேரம் கேட்டு, இல்லையென்றால் அடுத்ததற்குத் தள்ளுவார். வேண்டியது சட்டென்று கிடைத்துவிடும்.

அந்த ஆடியில் சண்முகப்பிரியாவின் தம்பி கிருஷ்ணா பெங்களூரிலிருந்து குற்றாலச் சீசனுக்கு வந்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவன் காதில் பாடம் விழுந்தது.

"என்ன அத்தான், வெள்ளக்காரன் ஆட்சிக்குள்ள குக்கர் கத்துது?"

"நல்ல பசி நேரம் மாப்ள, அவன் மட்டும் என்ன செய்வான்."

"இத எப்படிக் கேக்கிய? தலவலி வராது? நான் சுத்தம் பண்ணித் தாரேன். இப்ப அதுக்கெல்லாம் ஆப் வந்துட்டு."

"செய்யேன்" என்றார் சிவசைலம். நல்ல எண்ணத்தில் கேட்கிறவனிடம் வேறு என்ன சொல்வது.

வெளியே மழை விடாததால் கிருஷ்ணா இரண்டு நாளும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. விசிலை எடுத்தான். மழையை எடுத்தான். காற்று, இருமல், பால், கதவு தட்டிய தபால்காரர் எல்லோரையும் எடுத்தான். நடுவில் அக்கா நிறுத்திய இடங்களை வெட்டி ஒட்டினான். ஒவ்வொன்றுக்கும் பாடத்தின் பெயரைக்கூடக் கொடுத்தான். எல்லாவற்றையும் அத்தானுக்கென்று வாங்கி வந்த புதுப் போனில் ஏற்றி, பழையதைக் கடையில் விற்றுவிட்டு ஊருக்குப் போனான்.

மறுநாள் மத்தியானம், ஆபீஸில் போன் அடிக்காத நேரத்தில், சிவசைலம் இயர்போனை மாட்டிக்கொண்டு நிரந்தர நிலவரித் திட்டத்தைத் திறந்தார். பெயர் சொன்னதும் பாடம் வந்தது. அது நல்ல வசதி என்றுதான் முதலில் நினைத்தார். உள்ளே சண்முகப்பிரியாவின் குரல் மட்டும் இருந்தது, சுவரோ கூரையோ இல்லாத ஓரிடத்தில் நின்று பேசுவதுபோல. ஜமீன்தார்களின் பொறுப்புகள் எங்கே தொடங்குகின்றன என்று முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள், உள்ளே எந்த அறை எங்கே என்று தட்டுப்படவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சண்முகப்பிரியாவை வினாத்தாளை எடுத்துக் கேட்கச் சொன்னார்.

"வங்காளத்துல நிரந்தர நிலவரிய கொண்டாந்தது யாரு?"

சிவசைலம் காதை அடுக்களைப் பக்கம் திருப்பினார்.

"இது தெரியாதா உங்களுக்கு? எத்தன தடவ சொல்லியிருக்கிய."

"தெரியும். அதுக்கு முந்தி விசில் ஒண்ணு வரும்."

"என்ன விசில்?"

"மூணாவது விசில்."

சண்முகப்பிரியா வினாத்தாளை மடியில் வைத்தாள். "பரீட்ச ஹால்ல யாரு உங்களுக்குப் பருப்பு வேக வைப்பா?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பாடத்தை அவர் மனப்பாடம் செய்யவில்லை. பாடத்தைச் சத்தத்தில் மாட்டி வைத்திருந்தார். ஆணியைப் பிடுங்கியதும் சட்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "ஏலே, அந்தப் பழைய ரெக்கார்டிங் எதுவும் வச்சிருக்கியா?"

"இல்லக்கா, இடம் பத்தலன்னு அழிச்சிட்டேன். எதுக்கு? அதுல பூராம் குப்பைல்லா இருந்துச்சு."

"அந்தக் குப்பதான் வேணுமாம் உங்க அத்தானுக்கு."

முழுவதையும் மறுபடி வாசிக்க நாள் இல்லை. ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் ஒரு டம்ளரைத் தட்டிச் சேர்த்துப் பார்த்தார்கள். உதவவில்லை. எங்கே தட்டினாலும் டம்ளர் டம்ளராகத்தான் கேட்டது.  சிவசைலம் பார்சல் ஆபீஸில் போனை எடுத்து, சங்கரன்கோவில் வண்டியைக் கேட்டவருக்கு மதுரை வண்டியின் நேரத்தைச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்முகப்பிரியா தரையில் துணி விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் படுத்தபடி நிரந்தர நிலவரியையே வெளியே கேட்கும்படி ஓடவிட்டிருந்தார். பாதியில் எழுந்து உட்கார்ந்தார்.

"இது எங்க அக்கா வந்துட்டுப் போன அன்னைக்குப் படிச்சது."

கத்தரி நின்றது. "அதெப்படித் தெரியும்?"

"ஜமீன்தார்ங்கிற எடத்துல பாரு. ஒவ்வொரு தடவையும் கடிச்சுத் துப்புத. அக்கா உன் சாம்பார கொற சொல்லிட்டுப் போனாள்லா, அன்னைக்கு."

"நான் சாதாரணமாத்தான் படிச்சேன்."

"கேளு."

கேட்டார்கள். ஜமீன்தார் ஒவ்வொருவரும் பல்லில் அரைபட்டுத்தான் வந்தார்கள். கார்ன்வாலிஸ் தப்பித்திருந்தார். அந்த இடத்தில் அவள் குரல் களைத்துப்போய்த் தாழ்ந்திருந்தது.

அடுத்ததைத் திறந்தார். அது மூக்கடைப்பு. அதற்கடுத்தது சஷ்டி விரதம், நாக்கு உலர்ந்து ஒட்டியது கேட்டது. வேலூர்ப் புரட்சியில் அவள் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டே வாசித்திருந்தாள். கிருஷ்ணாவின் ஆப் சிப்ஸ் சத்தத்தை எடுத்துவிட்டது, மெல்லும் வாயை அதனால் எடுக்க முடியவில்லை. வந்தவாசிப் போர் ஃப்ரிட்ஜ் சண்டை. அவருக்கு ஒற்றைக்கதவு போதும், அவளுக்கு இரட்டைக்கதவு. அன்று முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் வாசிப்பை அவள் விடவில்லை. முதல் பாதி வெட்டு வெட்டென்று போய், பிரெஞ்சுத் தளபதி லாலியின் பெயர் வரும் இடத்தில் கோபம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"ரெண்டு வருசச் சண்டையையும் பாடம் பாடமா அடுக்கி வச்சிருக்கிய" என்றாள்.

"நான் எங்க அடுக்குனேன். நீ படிச்சது."

"இத்தன நாளும் பாடத்தக் கேட்டியளா, என்னக் கேட்டியளா?"

அவர் அடுத்த பாடத்தைத் திறந்தார். அவளும் விட்டுவிட்டாள்.

அன்று மாலைக்குள் வேலை தொடங்கியது. கிருஷ்ணா வைத்த பெயருக்குப் பின்னால் அவர் சொல்லச் சொல்ல அவள் ஒரு சொல் சேர்த்தாள். சளி, விரதம், சிப்ஸ், அக்கா. வந்தவாசிக்கு மட்டும் மறுத்தாள்.

"சண்டைன்னு நான் எழுத மாட்டேன். போன வேற யாரும் எடுத்துப் பாத்தா?"

"அப்ப என்ன போடுவ?"

"ஃப்ரிட்ஜுன்னு போடுதேன். அது போதும்."

பெயரோடு நிற்கவில்லை. குரல் மாறும் இடத்தையெல்லாம் சிவசைலம் தேடிப் பிடித்தார். அந்த இடம்வரை கேட்பார், நிறுத்துவார், அடுத்து வருவதைத் தானே வாய்விட்டுச் சொல்வார், பிறகு ஓடவிட்டுச் சரிபார்ப்பார். முன்பெல்லாம் விசில் வந்ததும் பாடம் தானாக வந்து விழுந்தது. இப்போது விழுவதற்கு முன்னால் இவர் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அது சிரமம்தான். ஆனால் பிடித்தது கையை விட்டுப் போகவில்லை.

சில பாடங்கள் மட்டும் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. முகலாயரின் மன்சப்தாரி முறை அதில் ஒன்று.

"இதுல உன் குரல்ல ஒண்ணுமே இல்ல. சந்தோசமும் இல்ல, கோவமும் இல்ல."

"தூக்கம் வந்திருக்கும். அந்தப் பாடத்த யாரு எழுதுனாவ? எனக்கு ஒரு வரிகூட விளங்கல."

அவற்றை மட்டும் புதிதாகப் படிக்க முடிவாயிற்று. ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்ததும் இருவரும் டவுன் பஸ் ஏறிக் குற்றாலம் போனார்கள். பேரருவிக்கு எதிரே ஈரப்படியில் உட்கார்ந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கேட்கட்டும் என்று அவள் மன்சப்தாரி முறையைக் கத்தி வாசித்தாள். குளித்துவிட்டு வந்த ஓர் அம்மாள், சேலையைப் பிழிந்துகொண்டே நின்று கேட்டார்.

"என்ன பாராயணம் தாயி?"

"குதிர கணக்கு ஆச்சி. ராசா எத்தன குதிர வைக்கச் சொன்னாருன்னு."

"நல்லாருங்க" என்று சொல்லிவிட்டு ஆச்சி போனார். சண்முகப்பிரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தாள். பொத்தானை அணைக்கவில்லை.

தேர்வு திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நடந்தது. அவருக்கு உதவியாகப் போட்டிருந்த இளம்பெண் கம்ப்யூட்டர் திரையில் வந்த கேள்விகளைப் படித்து, அவர் சொன்ன விடையை அழுத்தினாள். நிலவரியும் வேலூரும் தடங்கல் இல்லாமல் போயின. பிறகு, வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கியவர் யார் என்று வந்தது. நான்கு பெயரையும் படித்தாள். சிவசைலம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"திரும்பப் படிக்கவா சார்?"

"கொஞ்சம் இரும்மா. கோவம் எறங்கட்டும்."

"சார்?"

"லாலி. அதப் போடும்மா."

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் சேதி அதுதான். "நல்லவேள, ரெட்டக்கதவு வாங்குனோம்" என்றாள் அவள்.

தீபாவளிக்குப் பிறகு சில மாதம் அவர் வீட்டில் இருந்தார். அவள் தைத்த ரவிக்கைகளுக்குப் பட்டன் கட்டப் பழகிக்கொண்டார். தேர்ச்சிப் பட்டியல் வந்தபோது அதில் அவர் பெயர் இருந்தது. ராயகிரிக்கு அப்பால் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் போட்டார்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் பிரார்த்தனைக்கு முன் போய்ச் சேர முடியும்.

கிருஷ்ணா போனில் வாழ்த்துச் சொன்னான். சுத்தமாகக் கேட்டுப் படித்ததால்தான் பாஸானார் என்று அவன் நம்புகிறான். யாரும் மறுக்கவில்லை.

பள்ளிக்கூடப் புத்தகம் வேறு. அதனால் வாசிப்பு மறுபடி தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்தை விரித்துக்கொண்டு, பொத்தானில் விரலை வைத்தபடி சண்முகப்பிரியா கேட்டாள்.

"இத எப்படிப் படிக்கட்டும்?"

"காலையில குடையத் தொலைச்சிட்டு வந்தேன்னு ஏசுனியே. அந்த மாதிரியே படி."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். அடுக்களையில் முதல் விசில் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.