தூக்கிய புருவங்கள்

சாவேலியோ வாத்தியார் மின்சாரப் பாடம் நடத்தினால் வகுப்பில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று.

சாவாயித் தீவுப் பிள்ளைகளிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். புருவத்தைத் தூக்குவார்கள், ஆமாம் என்று அர்த்தம். புரியவில்லை என்பது வாத்தியாரை அவமதிக்கிற பேச்சு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள்.

டிரான்ஸ்ஃபார்மர் பாடத்தன்றும் அப்படித்தான்.

"தெருக்கம்பத்துல இருக்கிறது பெரிய வோல்டேஜைச் சின்னதாக்கி வீட்டுக்கு அனுப்பும். வீட்டுல இருந்து கரண்டைத் திருப்பி அனுப்பினா, சின்னதைப் பெரிசாக்கிடும். அதனால ஜெனரேட்டர் போடுறதுக்கு முன்னாடி மெயினை அணைக்கணும். புரிஞ்சுதா?"

அத்தனை புருவமும் ஏறியது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த மாதம் புயலடித்து ஊர் இருண்டது. அவர் வகுப்பின் கெட்டிக்காரி லூப்பே, மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் சொருகினாள். அதே தெருவில் அறுந்த கம்பியைக் கட்ட ஏறியிருந்தார் லைன்மேன் பெலேத்தி. மின்நிலையம்தான் மூடிக் கிடக்கிறதே என்று நம்பித் தொட்டார். லூப்பே வீட்டிலிருந்து திரும்பி ஏறிய மின்சாரத்தில் கம்பத்திலேயே உயிர் போயிற்று.

விடியும் முன், ஊர் வழக்கப்படி லூப்பேயின் குடும்பம் பெலேத்தி வீட்டு வாசலில், தலைக்கு மேல் பாயைப் போர்த்திக்கொண்டு மண்டியிட்டது. மன்னித்தால் அந்த வீட்டார் வந்து பாயை விலக்குவார்கள். மன்னிக்காவிட்டால் கத்தியோடும் வரலாம். யாரும் கூப்பிடாமலே சாவேலியோவும் பாய்க்குள் நுழைந்தார்.

"உங்களுக்கு எதுக்கு சார் இது?" என்றாள் லூப்பே.

"நான்தானேம்மா சொல்லிக் குடுத்தேன்."

அவள் தேம்பினாள். "அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே புரியல சார்."

"பின்ன ஏன் புருவத்தைத் தூக்கினே?"

"அவ்வளவு ஆசையா சொன்னீங்க. எப்படி சார் இல்லைன்னு சொல்றது?"

வெயில் ஏறியபின் பெலேத்தியின் மனைவி வந்து பாயை விலக்கினாள். மன்னிப்புக் கிடைத்தும் சாவேலியோவுக்கு மனசு ஆறவில்லை. லூப்பேயைத் தலைநகர் ஆப்பியாவில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பள்ளி திறந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் படத்தைப் பலகையில் வரைந்து, அதே பாடத்தை மறுபடி நடத்தினார். இந்த ஒரு பாடமாவது பிள்ளைகள் மண்டையில் ஏறாவிட்டால் இன்னொரு பெலேத்தி சாவான் என்ற பயம் அவருக்கு.

"பெலேத்தி எப்படிச் செத்தார்னு இப்பப் புரிஞ்சுதா?"

அத்தனை புருவமும் ஏறியது.

"அப்ப ஒருத்தர் வந்து வரைஞ்சு காட்டுங்க."

சாக்பீஸை நீட்டினார். எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். மணி அடிக்கும்வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.