மணியின் வலைப் படுக்கை

பொன்னேரி மாட்டு டாக்டரின் மேசையில், எங்கள் பூனைக்குட்டி மணி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது லைட்ஹவுஸ் குப்பத்து வீட்டில் எங்கள் பூனை கருப்பியும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் வாந்தி, மூக்கை அடைக்கும் நாற்றம். மூலையில் சுருட்டிய பழைய வலைதான் அவளுக்குப் படுக்கை. "பேத்த மீன் குடல துன்னுட்ச்சி" என்றார் நைனா. அந்த மீனில் விஷம் உண்டு. குடலைத் தெருவில் எறிந்தது பக்கத்து வீட்டு அத்தைதான் என்று சண்டைக்குப் போனார். கருப்பி செத்ததும், வலைகளை எலி கடித்துவிடுமே என்று அம்மா வேறொரு குட்டி கொண்டுவந்து அதே படுக்கையில் விட்டாள். அதுவும் செத்தது. அடுத்ததும் செத்தது. அத்தையோடு பேச்சே நின்றுபோனது. அந்த வலையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

"விஷம் இல்லம்மா, வைரஸ்" என்றார் டாக்டர். "பொழைக்கிறது கஷ்டம். இது படுத்த எடத்துல அந்த வைரஸ் ஒரு வருஷம்கூட உயிரோட இருக்கும். ஊசி போடாத குட்டிய அங்க விட்றாதீங்க."

மகள் அழுகிறாளே என்று காலையில்தான் இன்னொரு குட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டேன்.

"புதுக் குட்டி எங்கடி?"

"கத்திக்கினே இருந்திச்சிம்மா. மணி படுக்குற வல மேல வுட்டேன். மோந்து பாத்துட்டு அப்டியே தூங்கிட்ச்சி."