அம்மா சொன்ன பதில்கள்

அப்பாவை விட்டு முதலில் போனது இந்திதான். தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்து, தோல் வியாபாரிகளோடு காலமெல்லாம் மல்லுக்கு நின்ற இந்தி. அது போன பிறகு பிறந்த ஊரான திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் மட்டும் மிச்சமிருந்தது. கடையில் பால் வாங்கக்கூட அம்மா பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மறதிக்கென்று தனி டாக்டர் உண்டு எனக் கேள்விப்பட்டு, கெஞ்சிக் கூத்தாடி அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. கொரோனா சமயத்தில் பெரியப்பாவை வெள்ளை உடுப்புக்காரர்கள் ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். அதன்பின் வந்தது ஒரு போன் மட்டும்தான். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாதான் அப்பாவைக் கூட்டிப் போனாள். மாலையில் நான் வீடு திரும்பியபோது அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி போயிருந்தது.

"ஒண்ணுமில்லன்னுட்டாரு டாக்டரு. வயசானா இப்பிடித்தானாம். ஸ்தோத்திரம்!" என்றாள்.

நானும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அப்பா காணாமல் போனார். தேடி அலைந்து, சுனாபட்டி ரயில் ஸ்டேஷனில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தோம். வீட்டில் அம்மா அவர் தலையைத் துவட்டும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அந்த டாக்டர் என்ன மண்ணாங்கட்டியப் பாத்தாரு?" என்று கத்தினேன்.

அம்மா துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அவரு இந்தில கேட்டாரு. நாந்தான் தமிழ்ல கேட்டுச் சொன்னேன். இன்னைக்கு என்ன கெழமைன்னா, இவுக சங்கீதம் சொல்லுதாவ."

சிறுவயதில் ஓய்வுநாள் பாடசாலையில் பரிசு வாங்க மனப்பாடம் செய்த பைபிள் சங்கீதம். எதைக் கேட்டாலும் அதையே ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறார். அம்மா ஒவ்வொரு முறையும் டாக்டர் பக்கம் திரும்பி, கிழமை, மாதம், பிரதமர் பெயர் என்று சரியான பதிலை இந்தியில் சொல்லியிருக்கிறாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த ஆள் ஒருவரும் அங்கே இல்லை. எவ்வளவு சரளமாகப் பேசுகிறார் என்று டாக்டர் பாராட்டினாராம்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? கிறுக்குன்னு எழுதிட்டா ஒங்க பெரியப்பா மாதிரி தூக்கிட்டுப் போயிருவாவ. அடுத்தவன் முன்னால ஒங்கப்பா ஒருநாளும் தோத்ததில்ல, ஏட்டி."

மறுவாரம் நானும் கூடப் போனேன். இந்த முறை வேறு டாக்டர், பொறுமையானவர். உள்ளதை உள்ளபடி சொன்னேன். முன்பே தொடங்கியிருந்தால் மாத்திரை கொஞ்ச காலமாவது தாக்குப்பிடிக்க உதவியிருக்கும், இனி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார். அம்மா என்னைத்தான் முறைத்தாள். நான்தான் அப்பாவைத் தோற்கடித்துவிட்டேனாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்து மூவரும் உட்கார்ந்திருந்தோம். அப்பா அம்மாவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நல்ல தெளிவான தமிழில் கேட்டார்.

"யாரு இந்தப் பொம்பள? அவ வீட்ல தேட மாட்டாவளா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"காப்பி வேணுமாம்," என்று எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.