சொட்டண்ணன் அடைத்த துளைகள்

அந்தப் பகுதியில் குழாய் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால், "சொட்டண்ணனைக் கூப்பிடு" என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, அவர் வந்ததும் முதலில் தலையைத்தான் பார்ப்பார்கள். தலை நிறைய முடி இருக்கும். பட்டப்பெயர் வந்தது காதால். எந்த வீட்டில் எந்த மூலையில் குழாய் சொட்டினாலும் அவர் காதில் விழுந்துவிடும். விழுந்துவிட்டால் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடப் பாதிப் பேச்சில் எழுந்து போய், குளியலறைக் குழாயின் வாஷரை மாற்றிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து துக்கத்தைத் தொடர்ந்தவர்.

துளை என்றாலே அவருக்குப் பகை. தண்ணீர்க்காரர் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். துளை இருந்தால் ஒழுகும், ஒழுகினால் வேலை சரியில்லை, அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். குளிர் அதிகமுள்ள ஊர் என்பதால் வீட்டுக்கு வீடு சமையலறையில் கேஸில் எரியும் பாய்லர் ஒன்று உண்டு. அது சுடவைக்கும் தண்ணீர்தான் குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம்; அதே தண்ணீர் குழாய்களில் சுற்றி அறைகளுக்குச் சூடும் தரும். அந்தப் பாய்லருக்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். வெளியே உள்ள குளிரெல்லாம் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சொட்டண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். கேஸ் சமாச்சாரம் முழுக்கக் கேஸ்காரர் என்று வேறொருவர் வேலை. தண்ணீர் என் பாடு, நெருப்பு உன் பாடு என்று இரண்டு பேரும் பல வருஷமாகக் கோடு போட்டு வாழ்ந்தவர்கள்.

இந்தக் குளிர் ஆரம்பிக்கும்போது கடையில் புதிதாக ஒரு நுரை டப்பா வந்திருந்தது. டப்பாவின் மூக்கை இடுக்கில் வைத்து அழுத்தினால் நுரை பொங்கி, உப்பி, சற்று நேரத்தில் கல்லாக இறுகிவிடும். சொட்டண்ணனுக்குச் சொர்க்கமே கைக்கு வந்த மாதிரி இருந்தது. முதலில் தன் வீட்டுத் துளையை அடைத்தார். அடுத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டில். அவள் அதன் மேல் பூச்சும் பெயின்டும் அடித்து, அங்கே துளை இருந்த சுவடே தெரியாமல் செய்துவிட்டாள். அப்புறம் வேலைக்குப் போன வீட்டிலெல்லாம், குழாயைச் சரிசெய்த கையோடு துளையையும் இலவசமாக அடைத்துவிட்டு வந்தார். "இப்பதான்ணே வீடு வீடா இருக்கு" என்று சொல்வார்கள். அவர் பூரித்துப் போவார். எத்தனை வீடு, எந்தெந்த வீடு என்று யார் குறித்து வைப்பது? அன்பாகச் செய்ததற்குக் கணக்கா?

அதன் பிறகுதான் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது.

வங்கி மேலாளர் வீட்டில் கழிவறைத் தொட்டிக்குப் போக வேண்டிய குழாயில் வெந்நீர் இணைப்பைக் கொடுத்துவிட்டார். மேலாளர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாராம். ஊர் சிரித்தது. சொட்டண்ணனும் அசடு வழியச் சிரித்துவைத்தார். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் கையில் ஸ்பேனரோடு நின்று, இந்தக் கருவிக்குப் பெயர் என்ன என்று யோசித்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். காலையில் எழுந்தால் தலை பிளக்கும். குமட்டும். வீட்டை விட்டுக் கிளம்பித் தெருவில் நடந்தால் கொஞ்சம் தெளியும். வேலை என்றால் நமக்கு உயிர், அதுதான் தெருவுக்கு வந்ததும் தெம்பு வருகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். நம் புத்தி நமக்கு என்னமாய் சப்பைக்கட்டு கட்டும் பாருங்கள்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் துணிக்கடையில் அளவு திருத்தும் தையற்காரி, ஊசி மாதிரி கூர்மையானவள். தான் மறந்துபோவது தெரிந்தால் நொந்துவிடுவாள் என்று மென்று விழுங்கினார். ஆனால் வீட்டில் விநோதங்கள் அவரால் மட்டும் நடக்கவில்லை. மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜில் இருந்தது. பால் அடுப்பில் இருந்தது, அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"ஏங்க, கண்ணாடிய ஏன் அங்க வெச்சீங்க?"

"நானா வெச்சேன்?"

"பின்ன நானா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டார்கள். அவர், 'நானாகத்தான் இருக்கும்' என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். அவளும் அதையே நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டாள் என்பது அவருக்கு அப்போது தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தைத் தனித்தனியாக ஒளித்துவைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை கொடுக்கும் கான்ட்ராக்டர் நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னார். "அண்ணே, உங்க மேல கோவம் இல்ல. கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க. நல்லா தூங்குங்க. குளிர்ல அலையாதீங்க, ஜன்னல் கதவெல்லாம் சாத்திக்கிட்டு சூடா இருங்க."

அக்கறையாகச் சொன்னது. அண்ணனும் அப்படியே செய்தார். பாய்லரைக் கூட்டிவைத்து, சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உட்கார உட்கார மோசமாயிற்று. கடையிலிருந்து திரும்பும் மனைவியைப் பார்த்து ஒரு நாள், "யாரைப் பாக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பிறகு நாத்தனாருக்குப் போன் செய்து, "உங்கண்ணனுக்கு மூள கலங்கிடுச்சு" என்றாள். சொட்டண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது. சாவதற்குப் பயந்தவரில்லை அவர். மற்றவர் சாவியைப் பிடுங்கிவைத்துக்கொண்டு தன்னை வீட்டுக்குள் காவல் காக்கும் காலம் வந்துவிட்டதே என்ற பயம்.

கேஸ்காரர் வருஷாந்தரப் பரிசோதனைக்கு வந்தது அந்த வாரம்தான். அன்று மனைவிக்கும் தலைவலி, கடைக்குப் போகவில்லை. கேஸ்காரர் வாசற்படியில் கால் வைத்ததுமே அவர் இடுப்பில் தொங்கிய, காற்றைச் சோதிக்கும் சின்னக் கருவி வீல் வீலென்று கத்தியது. "குழந்தை அழுவுது, தூக்குங்க" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. அந்த வீட்டில் குழந்தையே கிடையாது.

கேஸ்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஓடி வந்து பாய்லரை அணைத்து, இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டே கத்தினார்.

"சுவத்துல இருந்த துளை எங்கண்ணே?"

"அடைச்சிட்டேன்."

"யாரக் கேட்டு அடைச்சீங்க? நெருப்புக்குக் காத்து வேணாமா? அது இல்லாம எரிஞ்சா வெஷக் காத்து வரும். வாசனையும் கெடையாது, பொகையும் கெடையாது. கொஞ்சமா வந்தா புத்திய மயக்கும். அதிகமா வந்தா ஆளையே முடிச்சிடும்!"

சொட்டண்ணனுக்குப் பாதிதான் விளங்கியது. தனக்கு மூளை கலங்கவில்லை, வீடுதான் கெட்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. தெருவோரம் உட்கார்ந்து மனைவியைக் கட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லடி, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள், பிறகு வாந்தியெடுத்தாள்.

"அண்ணே." கேஸ்காரர் குரல் மாறியிருந்தது. "உங்க வீட்ல மட்டுந்தான் அடைச்சீங்களா?"

சிரிப்பு நின்றுபோயிற்று.

"எத்தன வீடுண்ணே? எந்தெந்த வீடு? சொல்லுங்க, ஆபீஸ்ல சொல்லி ஆள அனுப்பறேன்."

சொட்டண்ணன் யோசித்துப் பார்த்தார். நீலக் கதவு ஒன்று நினைவுக்கு வந்தது. அது எந்தத் தெரு? "வீடு வீடா இருக்கு" என்று சொன்ன பெண் முகம் வந்தது, அவள் யார்? கலங்கிய தொட்டியில் கைவிட்டுத் துழாவுவது போலத் துழாவினார். கையில் அகப்பட்டது ஒரே ஒரு வீடுதான்.

"தங்கச்சி" என்றார்.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். "பாய்லர நிறுத்திட்டு வெளிய வா, வீட்ல வெஷம் இருக்கு" என்று கத்தினார். மறுமுனையில் தங்கை குழந்தைக்குச் சமாதானம் சொல்வது போல, "சரிண்ணே, சரிண்ணே. சாப்பிட்டியா? அண்ணிகிட்ட குடு" என்றாள். போனை வாங்கிப் பேசவேண்டிய கேஸ்காரர் அப்போது மயங்கிச் சரிந்த மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. "நீங்களும் ஏறுங்கண்ணே" என்றார்கள். "அவளப் பாத்துக்கோ" என்று கேஸ்காரரிடம் சொல்லிவிட்டு, சொட்டண்ணன் வாசலில் கிடந்த வேலைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார். இரண்டு தெருதான். அதிலும் ஒரு முறை தப்பான பக்கம் திரும்பிவிட்டார்.

தங்கை கதவைத் திறந்து, அவர் கோலத்தைப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டாள். "என்னண்ணே இது, சட்டை பொத்தான்கூடப் போடாம?"

அவர் நேரே சமையலறைக்குப் போய்ப் பாய்லரை அணைத்தார். அவள் பின்னாலேயே வந்து அதை மறுபடியும் போட்டாள். "குளிருதுண்ணே. நீ உக்காரு."

"போடாத! அது கொல்லும்!"

"கொல்லாது. நீ உக்காரு, தண்ணி தரேன்."

அவர் அணைத்தார். அவள் போட்டாள். அவளுக்கு இது பைத்தியத்தின் உச்சம். அவருக்கோ, இவளைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கவும் தெம்பில்லை, நம்பவைக்க வார்த்தையும் வரவில்லை. சுத்தியலை எடுத்தார். துளை எங்கே? பெயின்ட் அடித்த சுவர் பளபளவென்று நின்றது. இந்தச் சுவரா, அந்தச் சுவரா? இந்த வீட்டில்தான் அடைத்தேனா? ஒருவேளை இவர்கள் சொல்வதே நிஜமாக இருந்து, கேஸ்காரரே நான் கண்ட கனவாக இருந்தால்? ஓர் இடத்தில் ஓங்கி அடித்தார். செங்கல் தெறித்தது. துளை இல்லை.

"ஐயோ, என் சுவரு!" தங்கை அலறினாள். "இரு, என் வீட்டுக்காரருக்குப் போன் பண்றேன். நீயெல்லாம் வெளிய நடமாடக் கூடாது!"

அவர் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எந்தக் குழாய் எங்கே சொட்டும் என்று கேட்ட காது, ஓரிடத்தில் பொக்கென்ற சத்தத்தைப் பிடித்தது. அங்கே அடித்தார். பூச்சு உதிர்ந்து, இறுகிய நுரை மஞ்சளாக வெளியே தெரிந்தது. உளியால் குத்தித் தள்ளினார். வெளிக்காற்று முகத்தில் அறைந்தது. இவ்வளவு நாள் அவர் விரோதியாக நினைத்த அதே காற்று. அழுகை வந்தது அவருக்கு.

"பாத்தியா? பாத்தியா?" என்று திரும்பினார்.

தங்கை டி.வி. ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ... ஹலோ..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சொட்டண்ணன் பாய்லரை அணைத்தார். இந்த முறை அவள் தடுக்கவில்லை. கையிலிருந்ததைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பேய் அறைந்தாற்போல நின்றாள். அவர் மெல்ல அவள் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து படியில் உட்காரவைத்தார்.

"ரொம்ப நாளா இப்படித்தான்ணே இருக்கு" என்று தேம்பினாள். "யார்கிட்டயும் சொல்லல. அண்ணி உன்னப் பத்திச் சொன்னப்புறம், நம்ம ரத்தத்துலயே இருக்கு, எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். ராத்திரி பூரா அழுவேன், காலைல எதுக்கு அழுதேன்னு தெரியாது."

"நம்ம ரத்தத்துல இல்லடி. நான்தான் அடைச்சேன்."

"நீ நல்லதுக்குத்தானே செஞ்ச?"

"செத்துப் போயிருந்தா நல்லதுக்குன்னு சொல்லியிருப்பியா?"

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, கேஸ்காரர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். "வேற எந்தெந்த வீட்லண்ணே?"

"தெரியலியே. நெனவே வரலியே. அந்த வெஷக் காத்துதானே என் தலையிலயும் ஏறிக் கெடக்கு." தெருவைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வீடுகள், எல்லாம் சாத்திய ஜன்னல்கள், எல்லாக் கூரையிலும் புகைக்குழாய். எல்லாமே நீலக் கதவு போலவும் இருந்தது, எதுவுமே நீலமில்லை போலவும் இருந்தது. "எதுல அடைச்சேன், எதுல அடைக்கலன்னு தெரியாது. எல்லாக் கதவையும் தட்ட வேண்டியதுதான்."

தங்கை எழுந்து நின்றாள். "நீ சொன்னா எவனும் நம்ப மாட்டான்ணே. மேலாளர் வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். நான் பேசறேன், நீ பக்கத்துல நில்லு."

ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவள் கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது. அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் மறுபடியும் கலங்கலாக இருந்தன.

"அண்ணே, என்ன சொல்லணும்?"

"வெளிய வாங்கன்னு சொல்லு" என்றார் சொட்டண்ணன். "மொதல்ல வெளிய வரட்டும். மத்தத அப்புறம் யோசிச்சுச் சொல்லுவோம்."